கழிமுகக் கொடுவாவுக்கு ஒரு பெய்ட்காஸ்டர்: ரீலும் லைனும்

பெய்ட்காஸ்டர், அதாவது எறியும்போது லைன் சுற்றிய ஸ்பூலே சுழலும் தூண்டில் ரீல், வாங்க வருபவர் கடையில் முதலில் கேட்பது "எந்த ரீல் நல்லது?" என்பதுதான். பழவேற்காடு, முட்டுக்காடு, பரங்கிப்பேட்டை போன்ற உப்பங்கழிகளிலும் முகத்துவாரங்களிலும் கொடுவா மீனைத் தேடிப் போகும் ஒருவருக்கு அந்தக் கேள்வி இரண்டாவதாக வர வேண்டியது. எந்த மீன், அது எதை ஒட்டி நிற்கிறது, அங்கிருந்து அதைப் பிய்த்தெடுக்க எத்தனை பவுண்டு இழுவை தாங்கும் லைன் வேண்டும் என்பது முடிவானால், அந்த லைனைச் சிக்கில்லாமல் சுமக்கக்கூடிய ரீல்களின் பட்டியல் தானாகவே சுருங்கிவிடும். ஷிமானோ, டாய்வா, ஆபு கார்சியா ஆகிய மூன்று நிறுவனங்களின் ரீல்களையும், அவற்றில் சுற்றத் தகுந்த பிரெய்டு (பின்னல் லைன்), அதன் நுனியில் இணைக்கும் லீடர் (தடித்த நரம்புத் துண்டு) வகைகளையும் அந்த வரிசையிலேயே இங்கு மதிப்பிடுகிறேன்.

பெய்ட்காஸ்டர் எல்லாருக்கும் எல்லா இடத்துக்கும் ஏற்ற கருவி அன்று. ஸ்பின்னிங் ரீலில் ஸ்பூல் அசையாமல் நிற்க, லைன் அதன் விளிம்பிலிருந்து வளையம் வளையமாகக் கழன்று போகிறது. பெய்ட்காஸ்டரிலோ லூரின், அதாவது செயற்கை இரையின், எடைதான் ஸ்பூலைச் சுழற்றி லைனை இழுத்துக்கொண்டு போக வேண்டும். ஆகவே ஏழு கிராமுக்குக் குறைந்த லூரையோ, சிறு இறாலை மட்டும் கோத்த தூண்டிலையோ எறிய இந்த ரீல் தடுமாறும். கிழங்கானுக்குக் கடற்கரையில் நின்று தூண்டில் போடுபவரும், எதிர்க்காற்றில் மெல்லிய லூரை எறிய வேண்டியிருப்பவரும் ஸ்பின்னிங் ரீலிலேயே இருந்துவிடுவது நல்லது, செலவும் குறைவு.

ஆனால் கொடுவா திறந்த நீரில் அலைந்து இரை தேடுவதைவிட, பாலத்தூணின் நிழலிலும், கருங்கல் கொட்டிய கரையோரத்திலும், சுரபுன்னை வேர்களுக்கிடையிலும், மதகு வாயிலும் ஒட்டி நின்று, வற்றத்தோடு இறங்கி வரும் மடவைக் குஞ்சையும் இறாலையும் வழிமறிப்பதையே வழக்கமாகக் கொண்டது. அந்த இடத்துக்கு ஒரு முழம் தள்ளி லூர் விழுந்தால் அது எட்டிக்கூடப் பார்க்காது. பத்து முதல் இருபத்தைந்து கிராம் வரையுள்ள லூரை, கட்டைவிரலால் ஸ்பூலைத் தொட்டு அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தியபடியே தூணின் ஓரத்தில் இறக்குவதற்கும், கடித்த அடுத்த நொடியிலேயே மீனை வேரிலிருந்து திருப்புவதற்கும் பெய்ட்காஸ்டருக்கு நிகரில்லை. எறியும் தூரத்துக்காக இதை வாங்குபவர் ஏமாந்துபோவார். இதன் பெருமை குறி தவறாமையில் இருக்கிறது.

இனி லைன். இன்று கழிமுகத்தில் பெய்ட்காஸ்டருக்குப் பிரெய்டு என்பதில் பெரிய கருத்து வேறுபாடு இல்லை. தங்கூஸ் நரம்பு இழுபட்டு நீளும். அந்த நீட்சி முப்பது மீட்டர் தொலைவில் கடித்த மீனின் வாயில் முள் ஏறுவதைத் தாமதப்படுத்துவதோடு, வேருக்குள் பாயும் மீனுக்கு ஓரிரு அடி இடமும் கொடுத்துவிடும். டைனீமா, ஸ்பெக்ட்ரா என்ற பெயர்களில் வரும் பாலிஎதிலீன் இழைகளைப் பின்னிய பிரெய்டு ஏறத்தாழ நீள்வதே இல்லை. அதன் ஒப்படர்த்தி 0.97 என்பதால் நீரில் மிதக்கவும் செய்கிறது. மேல்நீர் லூர்களுக்கு அது கூடுதல் வசதி.

எந்தத் தடிமன் என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஸ்பின்னிங் ரீலில் பழகியவர், மெல்லிய லைன் அதிக தூரம் போகும் என்ற பாடத்தை அப்படியே இங்கும் கொண்டுவந்து, பதினைந்து இருபது பவுண்டு பிரெய்டைச் சுற்றிவிடுகிறார். பெய்ட்காஸ்டரில் மெல்லிய பிரெய்டுக்கு ஒரு தனித் தொல்லை உண்டு: பெரிய மீன் இழுக்கும்போதோ, பாறையில் மாட்டிய லூரைப் பிடுங்கும்போதோ, மேல் சுற்று கீழ்ச் சுற்றுகளுக்கிடையே கத்திபோல் இறங்கிப் புதைந்துவிடும். அடுத்த முறை எறியும்போது லைன் அந்த இடத்தில் டக்கென்று பிடித்துக்கொள்ள, லூர் அறுத்துக்கொண்டு கடலுக்குள் போய்விடும். லூரின் விலையை நினைத்தால் அந்தச் சத்தம் மிகவும் வலிக்கும். முப்பது பவுண்டுக்குக் கீழே போகாமல் இருப்பதே இதற்கு மருந்து. பாலத்தூணும் கல்லுமாக இருக்கும் இடங்களுக்கு நாற்பது.

பவுண்டுக் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவதும் சரியன்று. ஜப்பானியப் பிரெய்டுகளில் தடிமனைப் பிஇ எண்ணால் குறிக்கிறார்கள். பிஇ 1 என்பது ஏறத்தாழ 0.165 மி.மீ., பிஇ 2 என்பது 0.235 மி.மீ., பிஇ 3 என்பது 0.285 மி.மீ. பவர்ப்ரோ என்ற பிரெய்டின் முப்பது பவுண்டு லைன் 0.28 மி.மீ. தடிமன் என்று அதன் பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அதாவது அது பிஇ 3-க்கு இணை. வேறொரு நிறுவனம் பிஇ 2 தடிமனிலேயே முப்பது பவுண்டுக்கு மேல் தாங்கும் என்று அச்சிடலாம். அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை, ஆனால் ஸ்பூலில் புதையும் இயல்பு தடிமனைப் பொறுத்ததே தவிர அறுபடும் பவுண்டைப் பொறுத்தது அன்று. பெய்ட்காஸ்டருக்கு வாங்கும்போது மி.மீ. அல்லது பிஇ எண்ணைப் பாருங்கள், பிஇ 2.5-க்கும் 3.5-க்கும் இடையில் நில்லுங்கள்.

தடிமன் கூடினால் ஸ்பூலில் கொள்ளும் நீளம் குறையும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். கொள்ளளவு விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறுகிறது, 0.28 மி.மீ. லைன் 150 மீட்டர் பிடிக்கும் ஸ்பூலில் 0.32 மி.மீ. லைன், அதாவது பவர்ப்ரோவின் நாற்பது பவுண்டு, ஏறத்தாழ 115 மீட்டர்தான் பிடிக்கும். கழிக்குள் இருக்கும் கொடுவாவுக்கும் செப்பிலிக்கும் அதுவே தாராளம்; அவை நூறு மீட்டர் ஓடுவதில்லை, ஐந்து மீட்டரில் வேருக்குள் நுழைவதுதான் அவற்றின் தந்திரம். முகத்துவாரத்தின் வாயில் நின்று பெரிய பாறை மீனுக்கோ சீலாவுக்கோ எறிபவருக்கு மட்டும் கூடுதல் நீளம் தேவைப்படும்.

நான்கு இழைப் பின்னலா எட்டு இழைப் பின்னலா என்ற வாதத்தில் நான் நான்கின் பக்கம். எட்டு இழை உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். ராடின் வளையங்களில் சத்தமின்றி ஓடும். கட்டைவிரலுக்கும் இதமாக இருக்கும். ஆனால் ஒவ்வோர் இழையும் மெல்லியது என்பதால், கொட்டலசு படிந்த தூணில் ஒருமுறை உரசினாலே பஞ்சுபோல் பிரிந்து நிற்கும். நான்கு இழையில் அந்தச் சேதம் கொஞ்சம் தாமதமாக வருகிறது, விலையும் குறைவு. சூஃபிக்ஸ் 832 போன்ற, எட்டு இழைகளில் ஒன்றை வேறு நாரால் மாற்றி நெருக்கமாகப் பின்னிய லைன்கள் இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. கூடுதல் விலை கொடுக்க மனமிருப்பவர் அதை வாங்கினால் வருந்த வேண்டியிருக்காது. பெயர் தெரியாத மலிவு பிரெய்டுகளைப் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை போதும்: பெட்டியில் போட்ட பவுண்டு எண்ணும் உள்ளே இருக்கும் லைனின் தடிமனும் பல நேரங்களில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாதவை. நகரத்துக் கடை ஒன்றில் முப்பது பவுண்டு என்று எனக்குக் கொடுத்த லைன், அருகே வைத்த தரமான நாற்பது பவுண்டு லைனைவிடத் தடிமனாக இருந்தது.

லீடர் இல்லாமல் கொடுவாவுக்குப் போகக் கூடாது. அதன் செவுள் மூடியின் ஓரம் சவரக்கத்திபோல் இருக்கும். தலையை உதறித் துள்ளும்போது பிரெய்டு அதில் பட்டால் அவ்வளவுதான். உதட்டின் உட்புறமும் அரம்போல் சொரசொரப்பானது; கொஞ்ச நேரம் போராடிய லீடரை நகத்தின்மேல் இழுத்துப் பார்த்தால், முள்ளுக்கு மேலே ஒரு சாண் தூரம் தோலுரிந்து வெளுத்திருப்பது தெரியும். அந்தப் பகுதியை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முடிய வேண்டும்.

லீடருக்கு ஃபுளோரோகார்பன் நரம்பை எல்லோரும் பரிந்துரைப்பது அது நீருக்குள் கண்ணுக்குத் தெரியாது என்பதற்காக. 1971-ஆம் ஆண்டு ஜப்பானின் குரேஹா நிறுவனம் சீகார் என்ற பெயரில் இதைக் கொண்டுவந்ததிலிருந்து அதுவே விளம்பரம். ஃபுளோரோகார்பனின் ஒளிவிலகல் எண் 1.42, நீரினுடையது 1.33, நைலானுடையது அதற்கும் மேலே 1.5-ஐத் தாண்டியது, ஆகவே தெளிந்த நீரில் அந்தப் பேச்சில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் ஐப்பசி கார்த்திகை மழைக்குப் பின் காப்பி நிறத்தில் ஓடும் கழிநீரில் எதை மறைத்து என்ன பயன்? அங்கே ஃபுளோரோகார்பனை வாங்குவதற்கு உண்மையான காரணம் அதன் கடினமான மேற்பரப்பு உரசலைத் தாங்குவதும், 1.78 ஒப்படர்த்தி லூரைச் சற்று ஆழத்தில் நிறுத்துவதும்தான். மேல்நீர் லூர் எறியும் நாளில் அதே கனம் லூரின் மூக்கைக் கீழே இழுக்கும் என்பதால், அப்போது நாற்பது அல்லது ஐம்பது பவுண்டு நைலான் லீடரே மேல். செலவைக் குறைக்க விரும்புபவர் ஆண்டு முழுவதும் நல்ல நைலான் லீடரோடு காலம் தள்ளலாம், மீன் குறைந்துவிடாது.

பிரெய்டையும் லீடரையும் இணைக்க எஃப்ஜி முடிச்சைப் பழகிக்கொள்வது, எந்த ரீலுக்குக் கொடுக்கும் பணத்தையும்விடப் பெரிய பலன் தரும். பெய்ட்காஸ்டரில் லைனை இடவலமாகப் பரப்பும் சிறு வழிகாட்டி ஒன்று ஸ்பூலின் முன்னே ஓடிக்கொண்டிருக்கும். தடித்த முடிச்சு அதன் துளையில் ஒவ்வொரு எறிதலிலும் போய் முட்டும். எஃப்ஜி மெலிதாக இருப்பதால் நழுவிப் போய்விடும். அதைக் கட்டக் கை வராதவர், லீடரை முக்கால் மீட்டருக்குள் அடக்கி, எறியும்போது முடிச்சு ராடின் நுனிக்கு வெளியே தொங்கும்படி வைத்துக்கொண்டால் வேறு எந்த முடிச்சாலும் தொல்லையில்லை.

இவ்வளவும் முடிவான பிறகு ரீலுக்கு வந்தால், வேலை எளிதாகிவிடுகிறது: முப்பது அல்லது நாற்பது பவுண்டு பிரெய்டு நூறு மீட்டருக்கு மேல் கொள்ள வேண்டும், டிராக் (மீன் பலமாக இழுக்கும்போது லைனை இறுக்கத்தோடு வழுக்கவிடும் அமைப்பு) நான்கு கிலோவை நடுங்காமல் தர வேண்டும், உப்பில் உயிர் பிழைக்க வேண்டும். 150 அல்லது 200 என்ற அளவுக் குறியீடு கொண்ட ரீல்கள் இதற்குப் போதும். அவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டுவது பெரும்பாலும் பிரேக்தான்.

ஸ்பூல் சுழலும் வேகம் லூர் பறக்கும் வேகத்தை மிஞ்சும் நொடியில் சிக்கு விழுகிறது. அதைத் தடுப்பதே பிரேக்கின் வேலை. ஷிமானோவின் எஸ்விஎஸ் முறையில், ஸ்பூல் வேகமெடுக்கும்போது சிறு கட்டைகள் வெளியே தள்ளப்பட்டு வட்டச் சுவரில் உரசுகின்றன; ஆகவே எறிதலின் தொடக்கத்தில் அதிகமாகப் பிடித்து, பிறகு விட்டுக்கொடுக்கும். டாய்வாவின் மேக்ஃபோர்ஸ் முறையில் காந்தங்கள் உரசாமலேயே சுழல் மின்னோட்டத்தால் ஸ்பூலை இழுத்துப் பிடிக்கின்றன. வெளியிலிருக்கும் திருகைத் திருப்பினால் போதும், பக்கத் தகட்டைக் கழற்ற வேண்டியதில்லை. படகில் ஈரக்கையோடு இருப்பவருக்கு இது பெரிய வசதி.

2018-இல் ஷிமானோ வெளியிட்ட குராடோ டிசி 150 இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. ஸ்பூல் சுழலும்போது அதுவே உண்டாக்கும் மின்சாரத்தில் ஒரு சிறு கணினிச் சில்லு இயங்கி, வேகத்தை நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு இடைவெளியில் அளந்து, தேவையான அளவு மட்டும் பிரேக் போடுகிறது; பேட்டரி கிடையாது. நான்கு நிலைகள் உண்டு: முதலாவது முழு தூரத்துக்கு, இரண்டாவது பிரெய்டுக்கும் நைலானுக்கும், மூன்றாவது ஃபுளோரோகார்பனுக்கு, நான்காவது காற்றுக்கு. எறியும்போது கொசு ரீங்காரம் போன்ற மெல்லிய ஓசை எழும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்கு அது தேவையற்ற பகட்டு. ஆனால் மதியத்துக்கு மேல் கடற்காற்று நெற்றியில் அடிக்கும்போது, நான்காவது நிலையில் வைத்து எறிந்தால், மற்ற ரீல்களில் சிக்கு விழக்கூடிய எறிதல்களில் பாதிக்கு மேல் இதில் தப்பிவிடும். தொடக்க நிலையில் இருப்பவருக்கு இந்த ஓர் உதவியே கொடுத்த பணத்துக்கு ஈடு. நன்றாகக் கட்டைவிரல் பழகியவருக்கோ இதன் பயன் காற்று நாட்களோடு முடிந்துவிடுகிறது.

இதே மின்னணு பிரேக்கைக் குறைந்த விலையில் தரும் எஸ்எல்எக்ஸ் டிசி 2019-இல் வந்தது. குராடோவில் ஆறு பேரிங்குகள் என்றால் இதில் நான்கு. நுண்பல் கொண்ட கியரும் இல்லை. கைப்பிடியைச் சுற்றும்போது இரண்டுக்குமுள்ள வேறுபாடு விரலுக்குத் தெரியும், மீனுக்குத் தெரியாது. மின்னணு பிரேக் வேண்டும், பையில் பணம் குறைவு என்பவருக்கு என் தேர்வு எஸ்எல்எக்ஸ் டிசிதான்.

டாய்வாவின் டாட்டுலா வரிசையையும், கரையோரக் கடலை மனதில் கொண்டே செய்த கோஸ்டல் எஸ்வி டிடபிள்யூ ரீலையும் நான் ஒரு படி மேலே வைப்பதற்குக் காரணம் அவற்றின் முகப்பிலிருக்கும் டி வடிவ வழிகாட்டி. எறியும்போது அதன் அகன்ற மேற்பகுதி முன்னே திரும்பி லைனைத் தடையின்றி விடுகிறது. கைப்பிடியைச் சுற்றத் தொடங்கியதும் அது மடிந்து, லைன் கீழுள்ள குறுகிய பிளவில் விழுந்து சீராகப் பரவுகிறது. மேலே சொன்ன முடிச்சுத் தொல்லை இந்த அமைப்பில் பெருமளவு குறைந்துவிடுவதால், பிரெய்டும் தடித்த லீடரும் பயன்படுத்தும் கழிமுகக்காரருக்கு இது பிரேக்கைவிடப் பெரிய செய்தி. கோஸ்டலின் எடை குறைந்த ஸ்பூல் பத்து கிராம் லூரைக்கூட முகஞ்சுளிக்காமல் எறியும். டாட்டுலாவுக்கும் கோஸ்டலுக்கும் இடையே தடுமாறினால், உப்புநீருக்கு மட்டுமே போகிறவர் கோஸ்டலை எடுக்கட்டும். ஏரிக்கும் போய் விறாலுக்குத் தவளை லூர் எறிபவருக்கு டாட்டுலா போதும்.

பெரிய லூர்களுக்கும் முகத்துவார வாய்க்கும் ஷிமானோவின் ட்ராங்ஸ் 300 இருக்கிறது. அதிகபட்ச டிராக் 18 பவுண்டு, அதாவது எட்டு கிலோ. ஆனால் நாள் முழுவதும் எறிய மணிக்கட்டு ஒத்துழைக்க வேண்டும். கழிக்குள் இருப்பவருக்கு அது தேவைக்கு மீறிய பலம். ஆபு கார்சியாவின் உருளை வடிவ அம்பாசடரை இன்றும் விரும்புபவர்கள் இருக்கிறார்கள். 1921-இல் ஸ்வீடனின் ஸ்வாங்ஸ்டா ஊரில் கடிகாரமும் டாக்ஸி மீட்டரும் செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. திருகுகளைக் கழற்றிப் பிரித்து, கழுவி, திரும்பப் பூட்டுவதில் அந்த ரீல் காட்டும் எளிமையில் அந்தப் பரம்பரை தெரிகிறது. கையில் அடங்காது, கனம் அதிகம். ஆயினும் உயிருள்ள மடவையை இரையாகக் கோத்துக் காத்திருப்பவருக்கு, தாழ்ந்த உடல் கொண்ட புதிய ரீல்களைவிட அதுவே நீண்ட காலம் உழைக்கும்.

கியர் விகிதத்தில் அதிகம் குழம்ப வேண்டாம். குராடோ டிசி 6.2, 7.4, 8.5 என்ற மூன்று விகிதங்களில் கிடைக்கிறது. கைப்பிடி ஒரு சுற்றுக்கு முறையே 66, 79, 91 செ.மீ. லைன் உள்ளே வரும். கொடுவா கடித்தவுடன் படகை நோக்கியே பாய்ந்து வருவதுண்டு. அப்போது தளர்ந்த லைனை வாரிச் சுருட்ட 6.2 போதாது. 8.5-இல் ஆழமாக மூழ்கும் லூரை இழுப்பது கிணற்றில் நீர் இறைப்பதுபோல் ஆகிவிடும். நடுவிலிருக்கும் 7.4-ஐ வாங்குங்கள். ஷிமானோவில் 150 என்றால் வலக்கைப்பிடி, 151 என்றால் இடக்கைப்பிடி. ஆன்லைனில் வாங்கும்போது இந்த ஓர் எண்ணைக் கவனிக்காமல் மாற்றி வாங்கியவர்கள் அநேகர்.

டிராக்கைக் கைவிரலால் இழுத்துப் பார்த்து வைப்பது போதாது. காய்கறி நிறுக்கும் சிறு கொக்கித் தராசு ஒன்றை லைன் நுனியில் மாட்டி இழுத்துப் பாருங்கள். முப்பது பவுண்டு என்பது 13.6 கிலோ, அதில் கால் பங்கு, அதாவது மூன்றரைக் கிலோவில் டிராக் வழுக்கத் தொடங்க வேண்டும். குராடோவின் அதிகபட்சம் ஐந்து கிலோ என்பதால் இந்த அளவு அதற்குச் சுமையில்லை. தடித்த லைனும் இறுக்கமான டிராக்கும் மீனை விரைவில் கரை சேர்ப்பதில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. கொடுவா ஆணாக வளர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும் மீன். 1997-இல் சென்னையின் உவர்நீர் மீன்வளர்ப்பு ஆய்வு நிறுவனம் அதைக் குஞ்சு பொரிக்க வைத்ததிலிருந்து இது பண்ணையாளர்களுக்கு நன்கு தெரிந்த செய்தி. ஆகவே தூண்டிலில் சிக்கும் மிகப் பெரியவை பெரும்பாலும் முட்டையிடும் பெட்டைகளே. அரை மணி நேரம் இழுத்தடித்துச் சோர்ந்த மீனைத் திரும்ப விட்டாலும் அது பிழைப்பது அரிது.

உப்பைப் பற்றிச் சொல்லாமல் எந்த ரீல் மதிப்பீடும் முழுமையாகாது. ஷிமானோ எஸ்ஏஆர்பி என்றும் டாய்வா சிஆர்பிபி என்றும் பெயரிட்டிருக்கும் பேரிங்குகள் துருவை எதிர்க்கும். ஆனால் அவையும் கழுவாமல் வைத்தால் கரகரக்கும். நனைந்த பிரெய்டு உப்புநீரைச் சுமந்துகொண்டுதான் ஸ்பூலுக்குத் திரும்புகிறது. வழிகாட்டியை ஓட்டும் திருகுத்தண்டின் பள்ளங்களைப் பார்த்தால், இரண்டு நாள் காய்ந்த பிறகு சர்க்கரைத் துகள்போல் வெள்ளை உப்பு படிந்திருக்கும். கூடவே மணலும் சேர்ந்தால் அந்தத் தண்டில் ஓடும் சிறு நாக்கு தேய்ந்துவிடும். வீட்டுக்கு வந்தவுடன் டிராக்கை இறுக்கிவிட்டு நல்ல தண்ணீரை மென்மையாகத் தெளித்துக் கழுவ வேண்டும். குழாயின் வேகத்தில் பீய்ச்சினால் உப்பு வெளியேறாமல் உள்ளே போகும். பிறகு டிராக்கைத் தளர்த்தி, நிழலில் உலர்த்தி, பேரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெயும் திருகுத்தண்டுக்குக் கொஞ்சம் கிரீஸும் போட வேண்டும். மின்னணு பிரேக் கொண்ட ரீலில் அந்தப் பகுதியைப் பிரிக்க முயல வேண்டாம்; அங்கு கைவைத்தால் திரும்பச் சரிசெய்ய உள்ளூரில் ஆள் கிடைப்பது கடினம்.

புதிய ரீலில் பிரெய்டை நேராகச் சுற்றினால் அது ஸ்பூலில் பிடிக்காமல் மொத்தமாக வழுக்கும். முதலில் சுமார் பத்து மீட்டர் தங்கூஸ் நரம்பைச் சுற்றி, அதன்மேல் பிரெய்டை இணைத்து, ஈரத்துணியால் இறுக்கிப் பிடித்தபடி, விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் குறையும்வரை நிரப்புங்கள். ஒரு பருவம் முடிந்ததும் எறிந்து எறிந்து நிறம் போன முன்பகுதி தேய்ந்திருக்கும். அடியிலிருந்த பகுதி புதிதாகவே இருக்கும். லைனை முழுவதும் கழற்றித் தலைகீழாகத் திரும்பச் சுற்றினால், அதே லைன் அடுத்த பருவத்துக்கும் வரும்.